பெயர்ப்பலகையைப் படிப்போம்: பிளாஸ்மா கட்டர் வழியே மின்னோட்டவியல்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் பாடம் முடியும்போது மாணவர்கள் மின்திறன் கணக்குகளைத் தடையின்றிப் போட்டுவிடுகிறார்கள். 60 வாட் விளக்கு எத்தனை ஆம்பியர் எடுக்கும், 1000 வாட் இஸ்திரிப் பெட்டி மாதத்துக்கு எத்தனை யூனிட் எடுக்கும் என்று கேட்டால் விடை வந்துவிடும். ஆனால் அந்த விடையை வைத்து யாரும் எதையும் முடிவு செய்வதில்லை. தவறினால் ஒரு மதிப்பெண் போகும், அவ்வளவே. கணக்கு தவறினால் ஒரு வீட்டின் பணம் போகும் என்ற நிலையில் அதே கணக்கைக் கொடுத்தால் வகுப்பின் கவனமே வேறாக இருக்கிறது.

எங்கள் பள்ளி மாணவர்களில் சிலருடைய வீடுகளில் கிரில் பட்டறை, வெல்டிங் பட்டறை உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாணவன் தன் அப்பா சொன்னதாக ஒரு கேள்வியுடன் வந்தான். "சார், பிளாஸ்மா கட்டர் வாங்கலாமான்னு அப்பா கேட்கச் சொன்னாங்க. 40 ஆம்பியராம், 20 மி.மீ. வரைக்கும் வெட்டுமாம், வீட்டு பிளக்கிலேயே ஓடுமாம்." கடன் வாங்கித்தான் அந்தக் கருவியை வாங்க வேண்டும். அவன் சொன்ன ஒரு வரியில் மூன்று கூற்றுகள் இருந்தன. மூன்றையும் பத்தாம் வகுப்பு இயற்பியலைக் கொண்டே சோதிக்க முடியும். இந்தக் கேள்வியை மூன்று பாடவேளைகளுக்கான பாடமாக்கினேன். மற்ற ஆசிரியர்களும் பயன்படுத்தும் வகையில் அதை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பிளாஸ்மா எப்படி வெட்டுகிறது?

திண்மம், நீர்மம், வாயு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காம் நிலை பிளாஸ்மா. வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, அயனிகளும் எலக்ட்ரான்களும் கலந்து நிற்கும் நிலை அது. இதற்கு 1928-இல் பிளாஸ்மா என்று பெயரிட்டவர் அமெரிக்க அறிவியலாளர் இர்விங் லாங்மியூர். மின்னல், எரியும் டியூப் லைட்டின் உட்பகுதி, சூரியன் ஆகிய மூன்று எடுத்துக்காட்டுகளும் மாணவர்களுக்குப் போதும். சாதாரணக் காற்று மின்சாரத்தைக் கடத்தாது, பிளாஸ்மா நிலையிலுள்ள காற்று கடத்தும் என்பதே இங்கு முக்கியம்.

இந்தப் பண்பைக் கொண்டு உலோகத்தை வெட்டும் முறை 1950-களில் உருவானது. அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கேஜ் மின்வில்லை ஒரு சிறு துளை வழியே நெருக்கிச் செலுத்தும் டார்ச்சை உருவாக்கி 1957-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கருவியிலும் அடிப்படை அதுதான். டார்ச்சின் உள்ளே ஒரு செம்பு எலக்ட்ரோடு இருக்கும். அது எதிர்முனை. எர்த் கிளாம்ப் மாட்டிய தகடு நேர்முனை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் துளையுள்ள நாசில். அந்தத் துளை வழியே அழுத்தக் காற்றும் மின்வில்லும் சேர்ந்து வெளியேறுகின்றன. அந்த வில்லின் வெப்பநிலை சுமார் 20,000 டிகிரி செல்சியஸ். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். வில் உலோகத்தை உருக்குகிறது, பின்னால் வரும் காற்று உருகியதை ஊதித் தள்ளுகிறது.

இதைக் கேஸ் கட்டிங்குடன் ஒப்பிட்டால் வேதியியல் பாடமும் சேர்ந்துகொள்ளும். கேஸ் கட்டிங்கில் இரும்பை உருக்குவதைவிட எரிப்பதே நடக்கிறது. இரும்பைச் சுமார் 900 டிகிரிக்குச் சூடாக்கி, அதன்மேல் தூய ஆக்சிஜனைப் பாய்ச்சினால் இரும்பு எரிந்து ஆக்சைடாகிறது. அந்த ஆக்சைடு உருகி வழிந்துவிடுவதால் வெட்டு தொடர்கிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் அதன் மேல் படியும் அலுமினியம் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். எவர்சில்வரில் குரோமியம் ஆக்சைடு இதேபோல் தடுக்கிறது. அதனால் இவ்விரண்டும் கேஸ் கட்டிங்குக்குச் சரிப்படுவதில்லை. பிளாஸ்மாவுக்கு வேண்டியது ஒன்றே, அந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்த வேண்டும். இரும்பு, எவர்சில்வர், அலுமினியம், செம்பு, பித்தளை எல்லாவற்றையும் அது வெட்டும். மரம், கல், கண்ணாடியை வெட்டாது. ஏன் என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

முதல் கேள்வி: எதை வெட்டப் போகிறோம்?

கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். பட்டறையில் இரண்டு வாரங்களுக்கு என்னென்ன வெட்டப்படுகிறது என்று குறித்துவரும்படி அந்த மாணவனிடம் சொன்னேன். பொருள், தடிமன், நேர்வெட்டா வளைவெட்டா என்று மூன்றே கட்டங்கள். சதுரக் குழாய், பட்டைக்கம்பி, ஆங்கிள் ஆகியவற்றில் நேர்வெட்டுகளே மிகுதியாக இருந்தன. அவற்றுக்குச் சாப் சா போதும். அது துல்லியமாக வெட்டும், அழுத்தக் காற்றும் கேட்காது. கேட்டுக்கான பூவேலைத் தகடுகள் மட்டுமே வளைவெட்டு. அவை 16 கேஜ் தகடுகள், அதாவது சுமார் 1.6 மி.மீ. தடிமன். எப்போதாவது 5 அல்லது 6 மி.மீ. பேஸ் பிளேட்.

இந்தப் பட்டியல் வகுப்பின் முன் வந்ததும் "20 மி.மீ. வரை வெட்டும்" என்ற கூற்றின் எடை குறைந்துவிட்டது. 20 மி.மீ. தகடு அந்தப் பட்டறைக்கு வருவதே இல்லை.

அந்தக் கூற்றையும் ஆராய வேண்டும். வெட்டும் தடிமன் என்பதற்கு ஒரே பொருள் இல்லை. நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் ஒழுங்கான விளிம்புடன் வெட்டும் தடிமன் ஒன்று. நிமிடத்துக்கு 125 மி.மீ. என்று ஊர்ந்து சென்று, கசடு ஒட்டிய கரடுமுரடான விளிம்புடன் எப்படியோ துண்டாக்கும் தடிமன் இன்னொன்று. இரண்டாவது எண் முதலாவதைப்போல இரண்டு மடங்காகவும் இருக்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவது. 40 ஆம்பியர் கருவிகள் பலவற்றில் ஒழுங்கான வெட்டு 10 மி.மீ. அளவில்தான் நிற்கும். தகட்டின் நடுவில் துளையிட்டுத் தொடங்க வேண்டுமென்றால் அது இன்னும் குறையும். ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை மி.மீ. வெட்டும்?" என்பதல்ல, "எந்த வேகத்தில் எத்தனை மி.மீ.?" என்பது. வேகம் சொல்லப்படாத தடிமன், அலகு எழுதப்படாத விடையைப் போன்றது.

இரண்டாம் கேள்வி: மின் இணைப்பு தாங்குமா?

"40 ஆம்பியர்" என்றதும் சுவர் பிளக்கிலிருந்து 40 ஆம்பியர் எடுக்கும் என்று பாதி வகுப்பு நினைத்தது. அது டார்ச்சில் வெளிவரும் மின்னோட்டம். கட்-40, கட்-60 என்ற பெயர்களில் வரும் எண்ணும் அதையே குறிக்கிறது. உள்ளே எவ்வளவு போகிறது என்பதைக் கணக்கிட வேண்டும்.

இத்தகைய கருவிகளைச் சோதிப்பதற்கான பன்னாட்டுத் தரநிலையில் ஓர் எளிய விதி உள்ளது. வெட்டும்போது டார்ச்சில் இருக்கும் மின்னழுத்தம் = 80 + (0.4 × மின்னோட்டம்). 40 ஆம்பியருக்கு இது 96 வோல்ட். இனி மாணவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

• வெளியீட்டுத் திறன் = 96 × 40 = 3,840 வாட்
• கருவியின் பயனுறுதிறன் 85 விழுக்காடு எனக் கொண்டால், உள்ளீட்டுத் திறன் = 3,840 ÷ 0.85 = சுமார் 4,520 வாட்
• திறன் காரணி 0.7 எனக் கொண்டால், 4,520 ÷ 0.7 = சுமார் 6,450 வோல்ட்-ஆம்பியர்
• 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் எடுக்கும் மின்னோட்டம் = 6,450 ÷ 230 = சுமார் 28 ஆம்பியர்

திறன் காரணி பத்தாம் வகுப்புப் பாடத்தில் இல்லை. கருவி எடுக்கும் மின்னோட்டம் முழுவதும் பயனுள்ள வேலைக்குச் செல்வதில்லை, ஆனால் கம்பி முழு மின்னோட்டத்தையும் சுமக்க வேண்டும் என்று சொன்னால் போதும். திறன் காரணி திருத்தம் உள்ள கருவிகளில் அது 1-ஐ நெருங்கும், அப்போது இதே வேலைக்குச் சுமார் 20 ஆம்பியர் போதும்.

நம் வீடுகளில் பெரிய பிளக்கின் அளவு 16 ஆம்பியர். எந்த வகையில் பார்த்தாலும் 40 ஆம்பியர் கருவியை முழு அளவில் அதில் ஓட்ட முடியாது. இதே கணக்கை 20 ஆம்பியருக்குப் போட்டால் சுமார் 13 ஆம்பியர் வரும். அது 16 ஆம்பியர் பிளக்கில் அடங்கும். அப்படியானால் "வீட்டு பிளக்கிலேயே ஓடும்" என்பது முழுப் பொய் அல்ல. குறைத்து வைத்தால் ஓடும். ஆனால் அப்போது அது 40 ஆம்பியர் கருவியாக இருக்காது, 3 அல்லது 4 மி.மீ. தகட்டுக்கான கருவியாகத்தான் இருக்கும்.

மும்முனை இணைப்பில் நிலைமை வேறு. 60 ஆம்பியர் கருவிக்கு 104 வோல்ட், 6,240 வாட் வெளியீடு. 415 வோல்ட்டில், பயனுறுதிறன் 85 விழுக்காடு, திறன் காரணி 0.9 எனக் கொண்டால் ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 11 ஆம்பியர்தான். ஒருமுனையில் 40 ஆம்பியருக்கே திணறும் இடத்தில், மும்முனையில் 60 ஆம்பியர் எளிதாக ஓடுகிறது. பட்டறைக்கு மும்முனை இணைப்பு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்துவது மின் வாரிய விதிகளுக்கு மாறானது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம்.

இங்கே மாணவர்களிடம் ஒரு புதிர் போடலாம். மாலை நேரத்தில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் கருவி எடுக்கும் மின்னோட்டம் கூடுமா, குறையுமா? ஓம் விதியை நினைத்து எல்லோரும் "குறையும்" என்பார்கள். மின்தடை மாறாத பொருளுக்கு அது சரி. ஆனால் இன்வெர்ட்டர் கருவி தன் வெளியீட்டை மாறாமல் வைத்துக்கொள்ளும். திறன் மாறாதபோது மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் கூடித்தான் ஆக வேண்டும். 6,450-ஐ 190-ஆல் வகுத்தால் 34 ஆம்பியர். மின்னழுத்தம் குறையும் நேரத்தில் கம்பி அதிகமாகச் சூடாவதன் காரணம் இதுவே. ஓம் விதி எங்கே பொருந்தும், எங்கே அப்படியே பொருந்தாது என்பதை மாணவர் உணரும் இடம் இது.

மூன்றாம் கேள்வி: தொடர்ந்து எவ்வளவு நேரம்?

கருவியின் பின்புறப் பெயர்ப்பலகையில் எக்ஸ் என்ற எழுத்துக்கு எதிரே 35%, 60%, 100% என்று எண்கள் இருக்கும். இதைப் பட்டறையில் டியூட்டி சைக்கிள் என்பார்கள். பத்து நிமிடங்களை ஒரு சுற்றாகக் கொண்டு, அதில் எத்தனை நிமிடம் வெட்டலாம் என்பதை அது சொல்கிறது. 40 ஆம்பியரில் 35% என்றால் மூன்றரை நிமிடம் வெட்டு, ஆறரை நிமிடம் ஓய்வு.

மின்னோட்டத்தைக் குறைத்தால் இந்த நேரம் கூடும். எவ்வளவு கூடும் என்பதை ஜூல் வெப்ப விதி சொல்லும். வெப்பம், மின்னோட்டத்தின் இருமடிக்கும் நேரத்துக்கும் நேர்த்தகவில் இருப்பதால், 40 × 40 × 0.35 = 560 என்ற பெருக்கல்பலன் மாறாது எனக் கொள்ளலாம். 30 ஆம்பியரில் 560 ÷ 900 = 62 விழுக்காடு. 560-இன் வர்க்கமூலம் சுமார் 23.7, ஆகவே 23 ஆம்பியரில் நிறுத்தாமல் வெட்டலாம். இது தோராயம். பெயர்ப்பலகையில் உள்ள 60%, 100% எண்களோடு தம் விடையை ஒப்பிட்டு எவ்வளவு நெருங்கி வந்தோம் என்று மாணவர்கள் பார்க்க வேண்டும். விடை நெருங்கி வரும்போது வகுப்பில் எழும் மகிழ்ச்சியைப் பாடநூல் பயிற்சியில் நான் கண்டதில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விழுக்காடு 40 டிகிரி செல்சியஸ் சூழலில் சோதித்துத் தரப்பட வேண்டும் என்பது தரநிலை. விளம்பரத்தில் வெப்பநிலை குறிப்பிடப்படாவிட்டால், குளிரான அறையில் சோதித்த எண்ணாகவும் இருக்கலாம். சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் நம் பட்டறைகள் எத்தனை டிகிரியில் இயங்குகின்றன என்று மாணவர்களையே அளக்கச் சொல்லலாம்.

கையால் வெட்டும் பட்டறைக்கு 35 விழுக்காடு பெரும்பாலும் போதும். அளந்து, குறித்து, தகட்டைத் திருப்பி வைக்கும் நேரமே ஓய்வு நேரமாகிவிடும். கணினி வழி இயங்கும் சி.என்.சி. மேசைக்கு அது போதாது. அதில் இடைவெளி குறைவு என்பதால் 60 முதல் 100 விழுக்காடு உள்ள கருவி வேண்டும்.

நான்காம் கேள்வி: காற்று எங்கிருந்து?

பிளாஸ்மா கட்டர் விலையைக் கேட்பவர்கள் கம்ப்ரசரை மறந்துவிடுகிறார்கள். 40 ஆம்பியர் கருவிக்குச் சுமார் 5 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 6 கன அடி அளவில் காற்று வேண்டியிருக்கும். ஒரு கன அடி 28.3 லிட்டர், ஆகவே நிமிடத்துக்குச் சுமார் 170 லிட்டர். கம்ப்ரசர் ஓயாமல் ஓடாதிருக்க, தேவையைப்போல ஒன்றரை மடங்கு, அதாவது 9 கன அடி தருவதாக இருப்பது நல்லது. ஒரு குதிரைத்திறனுக்கு 3 முதல் 4 கன அடி எனக் கொண்டால் 3 குதிரைத்திறன் கம்ப்ரசர் வேண்டும். ஒருமுனையில் அதுவே சுமார் 15 ஆம்பியர் எடுக்கும். முன்பு வந்த 28 ஆம்பியருடன் இதையும் கூட்டச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

கம்ப்ரசரின் பலகையிலும் இரண்டு எண்கள் இருக்கும். பிஸ்டன் உள்ளிழுக்கும் கன அளவு ஒன்று, உண்மையில் வெளியே கிடைக்கும் காற்றின் அளவு மற்றொன்று. இரண்டாவதையே கணக்கில் கொள்ள வேண்டும்.

"பெரிய டேங்க் இருந்தால் சிறிய மோட்டார் போதாதா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாயில் விதியால் விடை கண்டோம். 100 லிட்டர் டேங்க்கில் அழுத்தம் 8 பாரிலிருந்து 5 பாருக்கு இறங்கும்போது வெளியேறும் காற்று, சாதாரண அழுத்தத்தில் 100 × 3 = 300 லிட்டர். நிமிடத்துக்கு 170 லிட்டர் செலவென்றால் இரண்டு நிமிடம்கூட வராது. டேங்க் சிறு இடைவெளிகளைச் சமாளிக்கும், மோட்டாரின் குறையை ஈடுசெய்யாது.

அடுத்தது ஈரம். கடலோர மாவட்டங்களில் பணிபுரியும் ஆசிரியர்கள் இந்தக் கணக்கைத் தவறாமல் கொடுக்கலாம். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஒப்புமை ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் 24 கிராம். ஒரு மணி நேரத்தில் உள்ளே போகும் காற்று 170 × 60 = 10,200 லிட்டர், அதாவது 10.2 கனமீட்டர். அதிலுள்ள நீர் சுமார் 245 கிராம். இந்தக் காற்றை எட்டில் ஒரு பங்காக அழுத்தி மீண்டும் 30 டிகிரிக்குக் குளிரவிட்டால் கன அளவு 1.3 கனமீட்டருக்குள் அடங்கும். அது தாங்கக்கூடிய நீராவி 40 கிராமுக்கும் குறைவு. மீதி 200 கிராமுக்கு மேல், ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர், டேங்க்கிலும் குழாயிலும் திரவமாகச் சேரும்.

அந்தத் தண்ணீர் டார்ச்சுக்குள் போனால் வில் தடுமாறும், எலக்ட்ரோடும் நாசிலும் விரைவில் கெடும். ஆகவே டேங்க்கின் அடியிலுள்ள வால்வைத் திறந்து நாள்தோறும் நீரை வடிப்பதும், டார்ச்சுக்கு முன் ஈரம் பிரிக்கும் ஃபில்டர் மாட்டுவதும் கட்டாயம். கம்ப்ரசரை உள்ளேயே கொண்ட சிறு கருவிகளும் கிடைக்கின்றன. மெல்லிய தகட்டில் எப்போதாவது வேலை செய்யும் வீட்டுப் பயன்பாட்டுக்கு அவை பொருந்தும்.

ஐந்தாம் கேள்வி: தேயும் பாகங்கள் கிடைக்குமா?

எலக்ட்ரோடும் நாசிலும் தேய்ந்துபோகும் பாகங்கள். செம்பு எலக்ட்ரோடின் நுனியில் ஹாஃப்னியம் என்ற உலோகத்தின் சிறு புள்ளி பதிக்கப்பட்டிருக்கும். தனிம வரிசை அட்டவணையில் 72-ஆம் எண். எலக்ட்ரான்களை உமிழ்வது அதுவே. காற்றில் டங்ஸ்டன் விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும் என்பதால் காற்று பிளாஸ்மாவுக்கு ஹாஃப்னியம் பயன்படுகிறது. ஒவ்வொரு முறை வில் மூட்டும்போதும் அந்தப் புள்ளியில் சிறிது குழி விழும். குழி ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தை நெருங்கினால் மாற்ற வேண்டும். நாசிலின் துளை நீள்வட்டமாகிவிட்டால் வெட்டு சாய்வாக வரும்.

ஆகவே கருவியின் விலையுடன் இந்தப் பாகங்களின் விலையையும் கேட்க வேண்டும். அவை பக்கத்து நகரில் கிடைக்குமா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். பாகம் வரும்வரை கருவி மூலையில் கிடந்தாலும் கடன் தவணை நிற்காது.

வில் மூட்டும் முறையிலும் இரு வகை உண்டு. உயர் அதிர்வெண் மின்பொறியால் மூட்டுபவை விலை குறைவு, ஆனால் அருகிலுள்ள கணினி போன்ற மின்னணுக் கருவிகளைக் குழப்பக்கூடும். எலக்ட்ரோடும் நாசிலும் தொட்டுப் பிரிவதால் மூட்டுபவற்றில் அந்தத் தொல்லை இல்லை. பின்னாளில் சி.என்.சி. மேசையுடன் இணைக்கும் எண்ணம் இருந்தால் இரண்டாம் வகையே ஏற்றது. தகட்டைத் தொடும் முன்பே சிறு வில்லை உருவாக்கும் பைலட் ஆர்க் வசதி இருந்தால் துருவேறிய தகடு, பெயின்ட் அடித்த தகடு, கம்பி வலை ஆகியவற்றை வெட்டுவது எளிது.

பாதுகாப்பு: பட்டியலில் கடைசி அல்ல

கை வெல்டிங் கருவியில் வில் இல்லாதபோது முனைகளுக்கிடையே இருக்கும் மின்னழுத்தம் 100 வோல்ட்டை ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருக்கும். பிளாஸ்மா கட்டரில் அது 250 வோல்ட்டைத் தாண்டுவது வழக்கம். வெல்டிங் பழகியவர்கள் அதே துணிச்சலுடன் ஈரக் கையால் டார்ச்சைத் தொடக் கூடாது. நாசில் மாற்றும் முன் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்க வேண்டும்.

வில்லின் புற ஊதாக் கதிர் கண்ணையும் தோலையும் சுடும். 20 முதல் 40 ஆம்பியர் வரை 5-ஆம் எண், 60 வரை 6-ஆம் எண் கருப்புக் கண்ணாடி பரிந்துரைக்கப்படுகிறது. கண்ணை மட்டும் மறைக்காமல் முகத்தையே மறைக்கும் கவசம் வேண்டும்.

புகைதான் மெதுவாகக் கொல்லும் பகுதி. ஜி.ஐ. தகட்டை வெட்டினால் துத்தநாக ஆக்சைடு புகை எழும். அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம். எவர்சில்வரை வெட்டும்போது எழும் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள். காற்றோட்டமும் தகுந்த முகமூடியும் இல்லாமல் இவ்வேலை கூடாது, கைக்குட்டை கட்டிக்கொள்வது பயன் தராது. மூடிய பீப்பாய், எண்ணெய் டேங்க் போன்றவற்றைக் கழுவியிருந்தாலும் தகுந்த முன்னேற்பாடு இன்றி வெட்டவே கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

பாதுகாப்புக் கவசம், காற்றோட்ட விசிறி ஆகியவற்றின் செலவும் கருவியின் விலையில் ஒரு பகுதி என்று கணக்கெழுத மாணவர்களைப் பழக்குவோம். அப்பா, அண்ணன், மாமா என்று அவர்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்கிறவர்களின் நுரையீரலைப் பற்றிய பாடம் இது.

தேர்வு

ஐந்து கேள்விகளையும் அடுக்கிப் பார்த்தால் தேர்வு தானாகவே அமைகிறது.

• வீட்டில் எப்போதாவது மெல்லிய தகடு வெட்டுபவர்: 20 ஆம்பியரில் இயங்கும் சிறு கருவி. 16 ஆம்பியர் பிளக், தனி எம்.சி.பி., சரியான எர்த்.
• தகடு வேலை நாள்தோறும் உள்ள பட்டறை: மும்முனை இணைப்பு, 40 முதல் 60 ஆம்பியர், 40 டிகிரியில் குறிக்கப்பட்ட டியூட்டி சைக்கிள், தேவைக்கேற்ற கம்ப்ரசர்.
• குழாய், கம்பி, ஆங்கிள் மட்டுமே வெட்டுபவர்: பிளாஸ்மா கட்டர் வேண்டாம். சாப் சாவும் கிரைண்டரும் போதும்.
• 25 மி.மீ.க்கு மேற்பட்ட இரும்புத் தகடு: கேஸ் கட்டிங்கே சிக்கனம்.

அந்த மாணவன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனான். கருவி, கம்ப்ரசர், ஃபில்டர், மும்முனை இணைப்பு, கவசம் என்று மொத்தச் செலவு ஒரு பக்கம், மாதம் எத்தனை பூவேலைத் தகடுகள் வருகின்றன என்பது மறுபக்கம். இப்போதைக்குத் தகடுகளை நகரத்தில் சி.என்.சி. மேசை வைத்திருப்பவரிடம் கொடுத்து வெட்டி வாங்குவது, மும்முனை இணைப்புக்கு முதலில் விண்ணப்பிப்பது என்று அவன் அப்பா முடிவெடுத்தார். முடிவு அவருடையது. அவர் கையில் இருந்த எண்கள் மகனுடையவை.

வகுப்பறைச் செயல்பாடுகள்

பிளாஸ்மா கட்டரைப் பள்ளியில் இயக்கிக் காட்டத் தேவையில்லை, கூடாது. மாணவர்கள் அதைக் கையால் தொடாமலேயே இப்பாடம் முழுமை பெறும்.

செயல்பாடு 1: மிக்ஸி, நீரேற்று மோட்டார், வெல்டிங் கருவி, கம்ப்ரசர் என ஏதேனும் ஒன்றின் பெயர்ப்பலகையை, கருவி அணைந்திருக்கும்போது பார்த்து எழுதி வருதல். மின்னழுத்தம், மின்னோட்டம், திறன் ஆகிய மூன்றில் இரண்டைக் கொண்டு மூன்றாவதைக் கண்டுபிடித்தல். விடை பொருந்தாவிட்டால் பயனுறுதிறன், திறன் காரணி பற்றிப் பேச இடம் கிடைக்கும்.

செயல்பாடு 2: கேஸ், கிரைண்டர், பிளாஸ்மா ஆகிய மூன்றாலும் வெட்டப்பட்ட இரும்புத் துண்டுகளைப் பட்டறையிலிருந்து பெற்று, விளிம்பின் கூர்மை நீக்கிய பின் வகுப்பில் காட்டுதல். விளிம்பின் நிறம், கசடு, சாய்வு ஆகியவற்றை ஒப்பிட்டு எது எதனால் வெட்டப்பட்டது என்று ஊகித்தல்.

செயல்பாடு 3: ஏதேனும் ஒரு கருவியின் விளம்பரத்தை எடுத்து, அளக்கக்கூடிய கூற்றுகளையும் அளக்க முடியாத கூற்றுகளையும் இரு பட்டியலாகப் பிரித்தல். தமிழாசிரியருடன் இணைந்தும் இதைச் செய்யலாம்.

மதிப்பீட்டு வினாக்கள்

1. 30 ஆம்பியர் பிளாஸ்மா கட்டர் 230 வோல்ட் ஒருமுனை இணைப்பில் எடுக்கும் மின்னோட்டம் எவ்வளவு? பயனுறுதிறன் 85 விழுக்காடு, திறன் காரணி 0.7 எனக் கொள்க. 16 ஆம்பியர் பிளக் போதுமா? (விடை: சுமார் 20 ஆம்பியர், போதாது.)

2. 40 ஆம்பியரில் 60% டியூட்டி சைக்கிள் கொண்ட கருவியை எத்தனை ஆம்பியரில் வைத்தால் தொடர்ந்து வெட்டலாம்? (விடை: சுமார் 31 ஆம்பியர்.)

3. 150 லிட்டர் டேங்க்கில் அழுத்தம் 9 பாரிலிருந்து 5 பாருக்குக் குறைகிறது. நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று செலவானால், மோட்டார் ஓடாமல் எவ்வளவு நேரம் வெட்டலாம்? (விடை: 3 நிமிடம்.)

4. அலுமினியத் தகட்டைக் கேஸ் கட்டிங்கால் வெட்ட முடியாததற்கும் பிளாஸ்மாவால் வெட்ட முடிவதற்கும் காரணம் கூறுக.

5. ஒரு விளம்பரம் "25 மி.மீ. வரை வெட்டும்" என்கிறது. மற்றொன்று "நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் 10 மி.மீ., 40 டிகிரியில் 60%" என்கிறது. இவற்றில் எதை நம்பிப் பணம் கொடுப்பாய்? முதலாவது கடைக்காரரிடம் என்னென்ன கேட்பாய்?

ஐந்தாம் வினாவுக்கு ஒரே விடை இல்லை. மாணவர் எழுதும் கேள்விகளின் எண்ணிக்கைக்கும் கூர்மைக்கும் மதிப்பெண் வழங்கலாம்.